ஓரக்கல்லில் விட்ட இடைவெளி

1

இந்த ஐப்பசியோடு இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருஷம். மனைவி மல்லிகாவுக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் சஞ்சனாவும் வந்தோம். நான் தோட்டப் பாதைகளுக்குக் கல் பதிக்கிறேன். அதிலும் ஓரக்கல் வைப்பதுதான் என் வேலை.

ஊரிலிருந்து யார் கேட்டாலும் "நல்லா இருக்கோம்" என்று முடித்துவிடுவேன். எனக்குப் பேச்சு வராது. ஏழாவது வரை படித்தேன். எழுத்தும் அவ்வளவுதான். ஆனால் போன மாதம் ஒரு நாள் பயந்த பயத்தில், சிலதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஓரக்கல் என்றால் பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தும் கல். நடுவில் பதிக்கும் பேவர் கல்லைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஓரக்கல் நகர்ந்தால் நடுக்கல் எல்லாம் விலகிப் போகும். நூல் கட்டி, பள்ளம் எடுத்து, ஜல்லி இடித்து, ஈரக் கலவையில் கல்லை உட்கார வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் பார்த்து, பின்பக்கம் கலவையை அணைத்து விடுவேன். குனிந்தபடியே நாள் போய்விடும். பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலை.

2

போன வைகாசியில் லீவு கிடைத்து ஊருக்குப் போனோம். கீழ் கோத்தகிரியில் அக்கா லட்சுமி தனியாக இருக்கிறாள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்ததே அவள்தான்.

அவள் வீடு சரிவில் இருக்கிறது. பின்னால் தேயிலை மேடு. முன்னால் வாசல். அந்த வாசல் மலையின் சொந்த மண் அல்ல. கீழே கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, மண்ணைக் கொட்டி நிரவியது. சுவருக்குக் கீழே ஒரு கான் ஓடுகிறது. தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் இறங்குவதற்கு வெட்டும் வாய்க்காலை எஸ்டேட்டில் நாங்கள் கான் என்போம். சிலோனிலிருந்து அப்பாவோடு வந்த சொல்.

வாசலில் மழைக்காலத்தில் சேறு வழுக்கும். போன வருஷம் அக்கா அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் போனேன். போனவன் சும்மா இருக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டியில் பேவர் கல்லும் ஓரக்கல்லும் ஏற்றி வந்து இறக்கினேன். இந்தக் கையால் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வைக்கிறேன். அக்காவுக்கு ஒரு தடவை வைக்கலாம் என்று நினைத்தேன்.

நான் குனிந்து நூல் கட்டும்போது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, சீமைக்குப் போயி இந்த வேலையா பாக்கற?"

"ஆமா."

"நான் இங்க எல்லார்கிட்டயும் கம்பெனில இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்டா. இப்பப் பாரு, அத்தனை பேரும் வந்து நின்னு வேடிக்கை பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"கம்பெனில கல்லு செக்ஷன்னு சொல்லிக்கறேன், போ."

வேலை முடிந்ததும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாதையில் நடந்தாள். சுவர்ப் பக்கத்து ஓரக்கல் வரிசையில் மட்டும் சில இடங்களில் கல் வைக்காமல் நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தேன். அவள் அதைக் கால் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஏன்டா தம்பி, இங்க இங்க வுட்டுட்ட?"

"இருக்கட்டும்," என்றேன்.

அவள் கேட்டது அவ்வளவு. நான் சொன்னதும் அவ்வளவு.

3

இங்கே முன்வாசலில் கல் பதிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று காட்ட வேண்டும். தண்ணீர் இறங்காத கல்லை வாசல் முழுக்கப் பரப்பித் தெருவுக்குத் தண்ணீரைத் தள்ளிவிட்டால் கவுன்சில் அனுமதி கேட்கும். என் முதலாளி டேவ் அந்தச் சட்டத்தைத் திட்டாத நாள் இல்லை. தண்ணீர் தானாகப் போய்விடும் என்பது அவர் கட்சி. சமவெளியில் பிறந்தவர். அவர் சொல்வது இங்கே முக்கால்வாசி சரியாகவும் இருக்கிறது.

எனக்கு அந்தக் கேள்வி புதிது இல்லை. ஏழாவதோடு நிறுத்திவிட்டு அப்பாவோடு கான் வெட்டப் போனவன் நான். எஸ்டேட்டில் பெண்கள் கொழுந்துக்குப் போவார்கள். ஆண்களில் சிலர் கானுக்குப் போவோம். மழைக்கு முன்னால் தூர் எடுப்பது, மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அடைப்பு எடுப்பது. அப்போது லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா அதிகம் பேச மாட்டார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"மழை கொட்டுறப்ப கான் கத்தணும். கத்துனா பயமில்ல. மழையும் பெய்யுது, கானும் சும்மா இருக்குன்னா தண்ணி மண்ணுக்குள்ள போயிருச்சுன்னு அர்த்தம். அப்ப லயத்துல இருக்காத."

ஒரு மழையில் எங்கள் டிவிஷனில் ஒரு துண்டுத் தேயிலை கீழே இறங்கியது. செடிகள் சாயக்கூட இல்லை. நின்றபடியே, வரிசை கலையாமல், மெதுவாக நடந்து வருவது போல் வந்தன. சத்தம் பிறகுதான் வந்தது. அதைப் பார்த்த பிறகு மழை என்றால் நான் முதலில் காதைத்தான் கொடுப்பேன். இங்கே வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழை பெய்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்பேன். இங்கே கேட்க ஒன்றும் இல்லை. சஞ்சனா "அப்பா, குளிருது" என்று சாத்திவிட்டுப் போவாள்.

4

அன்றைக்கு ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஓரக்கல் வேலை. டேவும் நானும்தான். காலை டீ குடிக்கும் நேரத்தில் போனை எடுத்தேன். அக்காவிடமிருந்து ஒரு படமும் இரண்டு குரல் செய்தியும் வந்திருந்தன.

படத்தில் அவள் வாசல். ஓரக்கல் வரிசை முழுசாக இருந்தது. ஒரு இடைவெளியும் இல்லை. நான் விட்ட இடமெல்லாம் சிமெண்டு பூசி, மேலே கரண்டியால் வழவழப்பாக இழுத்திருந்தது.

முதல் செய்தி முந்தின நாளுடையது.

"தம்பி, பாத்தியாடா? எல்லா ஓட்டையும் அடைச்சுட்டேன். கடைக்கார ஆறுமுகம் இருக்கான்ல, போறப்ப வர்றப்பல்லாம் பல்லுப் போன வாயாட்டம் இருக்குன்னு சிரிக்கறான். எந்தம்பி வேலையப் பாத்து எவன்டா சிரிக்கறதுன்னு நானே சிமெண்டு வாங்கிக் கொழச்சு அடைச்சேன். போன வாரமே அடைச்சு, தண்ணி ஊத்தி ஊத்திக் காய வெச்சேன். மழைக்கு முன்னாடி முடிச்சுட்டேன், பாரு. கல்லு மாதிரி இருக்கு."

இரண்டாவது அன்று காலையுடையது.

"மழை புடிச்சுக்கிச்சுடா. ராத்திரியில இருந்து வுடல. ஆனா இந்தத் தடவை ஒரு சத்தம் இல்லடா தம்பி. முன்ன எல்லாம் கீழ கான் போடுற சத்தத்துல தூங்க முடியாது. இப்பக் கோயிலாட்டம் இருக்கு. நல்லா வேலை செஞ்சிருக்க, போ."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். அது சாய்ந்து கொட்டியது.

மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் வீட்டைச் சுற்றி வாசலுக்குத்தான் வரும். வாசலிலிருந்து அந்த இடைவெளிகள் வழியாகக் கானுக்கு விழ வேண்டும். இப்போது வழி இல்லை. வாசல் தொட்டியாகி இருக்கும். கல்லுக்கு நடுவே இறங்கி, கொட்டிய மண்ணுக்குள் போய், சுவரை உள்ளேயிருந்து தள்ளும். சுவர் போனால் வாசல் போகும். வாசல் போனால் வீட்டின் முன்சுவர் எதன் மேல் நிற்கும்?

கோயில் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

5

அக்காவுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். அதேதான். மின்சாரம் போனால் அங்கே டவரும் போகும்.

மல்லிகாவின் தம்பி ஊட்டி பெர்ன்ஹில்லில் டிரைவராக இருக்கிறான். அவனுக்கு மணி போனது.

"மாமா, இங்கயும் செம மழைங்க. கோத்தகிரி ரோட்டுல மரம் விழுந்து கெடக்குதாமா. வண்டிய வுடமாட்டேங்கறாங்க. நாளைக்குக் காலைல போயிப் பாக்கட்டுங்களா?"

"நாளைக்கா?"

"இன்னிக்கு எப்புடியும் முடியாதுங்க மாமா."

சரி என்று வைத்தேன். அங்கே அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது. ஐப்பசியில் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. நேராக இருட்டுத்தான்.

கிளம்பிப் போய்விட முடியாதா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். எங்கள் விசா நீட்டிப்பு மனு ஆபீசில் இருக்கிறது. முடிவு வரும் முன் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் மனு செத்துவிடும். ஊர் கூப்பிடு தூரத்தில் இருந்திருந்தாலும் அன்று எனக்குக் கடல்தான்.

டேவ் வந்து என் முகத்தைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார்.

"மை சிஸ்டர் ஹவுஸ் கம்மிங் டவுன்," என்றேன்.

"அப்படியா? நல்லது! இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டப் போகிறார்களா?" என்று தோளில் தட்டினார்.

அதைத் திருத்துவதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. சிரித்துவிட்டு ஆமாம் என்றேன். குனிந்து கல்லை எடுத்தேன். வைத்த கல் மட்டத்துக்கு வரவில்லை. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் வரவில்லை.

கடைக்கார ஆறுமுகத்தின் நினைவு அப்போதுதான் வந்தது. அக்கா வீட்டுக்கு மேலே ரோட்டோரத்தில் கடை. பூர்வீகம் காரமடைப் பக்கம். கீழே இருந்து வந்து நாற்பது வருஷமாக அதே இடத்தில் இருக்கிறார். வாய் மட்டும் இன்னும் கீழ்நாட்டு வாய். அவரிடம் வேறு கம்பெனி சிம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஆனால் என்னிடம் அவர் நம்பர் இல்லை. இருக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. யாரிடமும் நம்பர் கேட்கிற ஆள் நான் இல்லை.

6

மல்லிகா வேலையில் இருந்தாள். அங்கே போனைத் தொட முடியாது. வீட்டுக்கு அடித்தேன். பள்ளிக்கூட லீவு என்பதால் சஞ்சனா இருந்தாள். பதினைந்து வயசு. வந்த புதிதில் அத்தையிடம் தினமும் பேசுவாள். பிறகு வாரத்துக்கு ஒரு நாள். பிறகு கேமராவுக்குக் கை மட்டும் காட்டுவாள். ஊருக்குப் போயிருந்தபோதும் முக்கால்வாசி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ நம்ம ஊட்டுக்கு வந்தாளா, போனு ஊட்டுக்கு வந்தாளாடா?" என்று அக்கா கேட்டாள்.

"சஞ்சு, அத்தை ஊட்டுக்கிட்ட ஒரு கடை. ஆறுமுகம் கடை. அந்த நம்பர் எப்படியாவது வேணும்."

"ஏன் அப்பா?"

வழக்கமாக இருந்தால் "வேணும்" என்பேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், இடைவெளி, சிமெண்டு, கான், சுவர். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"அத்தை உள்ள இருக்காங்களா?"

"இருக்கா."

"வெயிட் பண்ணுங்க அப்பா. கட் பண்ணாதீங்க."

அவள் எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு எண்களை வாசிக்க ஆரம்பித்தாள். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ஓரக்கல்லின் மேலேயே ஆணியால் கீறினேன்.

"எங்க புடிச்ச?"

"அந்தக் கடை போர்டு. நான் போட்டோ எடுத்தேன். கோழித்தீவனம், ஜெராக்ஸ், ஃபேன்சி எல்லாம் ஒரே கடைல. ஃபன்னியா இருந்துச்சு. கீழ நம்பர் இருக்கு."

நான் போனை வைப்பதற்குள், "அப்பா, என்கிட்ட எல்லாமே இருக்கு," என்றாள். "அத்தை கிச்சன், அத்தை செருப்பு, நீங்க கல் வெக்கறது. எல்லாம் எடுத்தேன்."

7

மணி போனது. எடுத்தார்.

"யாருங்க?"

"ராசு. லட்சுமியக்கா தம்பி."

"அட, சீமைத் தொரைங்களா! ஏனுங்க, அங்க பெய்யற மழை பத்தாதுன்னு இங்கத்த மழைய விசாரிக்கறீங்களா?"

"அண்ணா, அக்கா ஊட்டுக்கு இப்பவே போகணும். கடப்பாரை எடுத்துட்டுப் போங்க."

"கடப்பாரையா? யார அடிக்கறதுக்குங்க?"

சஞ்சனாவிடம் சொன்னதையே மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் நன்றாக வந்தது. அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது.

"அண்ணா?"

"இருக்கறனுங்க." குரல் இறங்கிவிட்டது. "அத அடைக்கச் சொன்னதே நாந்தானுங்க. உன்ற தம்பிக்குச் சீமைச் சிமெண்டு தீந்து போச்சாட்டம் இருக்குதுன்னு... வெளையாட்டுக்குத்தானுங்க சொன்னேன். பொழுது போவோணுமல்லங்க."

"அதெல்லாம் இருக்கட்டும், போங்கண்ணா."

"போறனுங்க. ஆனா உங்கக்கா வுடமாட்டாளுங்க. அந்தக் கல்லத் தெனமும் ஈரத்துணி போட்டுத் தொடைக்கறா. கோழி ஏறி நின்னாக்கூட வெரட்டறா. நான் கடப்பாரையோட போனா என்ற மண்டைலதான் போடுவா."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க என்னைக்குங்க என்ன சொல்லிருக்கறீங்க? நம்பவே மாட்டா."

அது உண்மை. என் வாயிலிருந்து வந்தது என்று அவள் நம்புகிற மாதிரி ஒரு வார்த்தையும் நான் விட்டு வந்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"அப்பா சொன்னதுன்னு சொல்லுங்கண்ணா. மழை பெய்யறப்ப கான் கத்தலைன்னா லயத்துல இருக்காதன்னு. அப்படியே சொல்லுங்க."

"கான் கத்தலைன்னா லயத்துல இருக்காத. சரிங்க." அவர் யாரையோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது. போன் நின்றது.

8

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கல் வைத்தேன்.

இங்கே அன்று நல்ல வெயில். வீட்டுக்கார அம்மா பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பூனை வந்து நான் அணைத்த ஈரக் கலவையில் கால் வைத்துவிட்டுப் போனது. டேவ் ரேடியோ கேட்டுக்கொண்டு கல் அறுத்தார். யாருக்கும் எதுவும் நடக்காத ஒரு நாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ரோட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு இறங்கும் படி பாசி பிடித்தது. ஆறுமுகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. கையில் கடப்பாரை. அவரை நான் அனுப்பியிருக்கிறேன். அந்த வாசலில் இப்போது இரண்டு பேர் நிற்பார்கள். தண்ணீரோடு இரண்டு பேர் கனம். இது எனக்கு அவரை அனுப்பிய பிறகுதான் தோன்றியது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

கண்ணை மூடினால் தேயிலை நடந்து வந்தது. கண்ணைத் திறந்தால் ரசமட்டத்துக் குமிழி நடுவில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சஞ்சனா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். தமிழைத் தட்டத் தெரியாது, இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழ் எழுதுவாள். அத்தைக்கும் குரல் செய்தி அனுப்பியிருப்பதாகவும், அது இன்னும் போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக்தான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, "அப்பா பயமா?" என்று ஒரு வரி.

"ஆமா," என்று அனுப்பினேன். அந்த வார்த்தையை அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

9

போன் வந்தபோது இங்கே மதியச் சாப்பாடு தாண்டியிருந்தது. அங்கே இருட்டியிருக்கும். ஆறுமுகத்தின் நம்பர்.

எடுத்தேன். பேச்சு இல்லை. இரைச்சல் மட்டும். பிறகு அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல்.

"ஏன்டா, இருக்கட்டும் இருக்கட்டும்னு போனியே, இதான்டா அதுக்கு அர்த்தம்?"

அக்கா.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன்.

"கேக்குதாடா? வாயத் தொறடா. தண்ணி போறதுக்கு வுட்டிருக்கேன், அடைக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் அடைச்சிருப்பனா? எவன் சிரிச்சா எனக்கென்ன? அப்பனும் பேசல, மகனும் பேசல. கானாச்சும் பேசும்னு பாத்தா அதையும் நானே வாயடைச்சு வெச்சிருக்கேன்."

"அடிகிடி பட்டுச்சாக்கா?"

"கை வலிக்குது. போ."

ஆறுமுகம் போனை வாங்கிப் பேசினார். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, நான் போறப்பத் தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சுங்க. உங்கக்கா சட்டில மோந்து மோந்து ஊத்திட்டு நிக்கறா. கடப்பாரையப் பாத்ததும், எந்தம்பி வெச்ச கல்லத் தொட்டியின்னான்னு ஏறுனா. நீங்க சொன்னதச் சொன்னனுங்க. அப்புடியே நின்னா. காதக் குடுத்துக் கேட்டா. கீழ கான்ல ஒரு சத்தம் இல்லீங்க. அவ மொகம் போன போக்கப் பாக்கோணும். என்ற கையில இருந்து கடப்பாரையப் புடுங்குனா. நான் போடறன்னு சொல்லச் சொல்ல அவளே போட்டாளுங்க. ஒடைஞ்ச கையி வேற."

"எல்லாத்தையும் தெறந்தாச்சா?"

"தெறந்தாச்சுங்க. நீங்க வுட்டதுக்கு மேலயும் ரெண்டு தெறந்துட்டா. ஆத்தரந்தானுங்க."

"அண்ணா, அங்க நிக்காதீங்க. அக்காவ உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"வரமாட்டேங்கறா. கோழி இருக்குது, அடுப்பு நனைஞ்சு போச்சுங்கறா."

"போன அவகிட்ட குடுங்க."

அக்கா வாங்கினாள். என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. மண் உள்ளே நனைந்தால் தண்ணீர் போன பிறகும் விழும் என்று சொன்னேன். தேயிலை நடந்து வந்ததைச் சொன்னேன். நீ இல்லாமல் போனால் எனக்கு ஊர் என்று எதுவும் இல்லை என்றும் சொன்னேன் போல. டேவ் ரேடியோவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.



"சரி, போறேன்," என்றாள் அக்கா. "கத்தாத."

போவதற்கு முன், போனைச் சுவர்ப் பக்கம் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். கான் கத்திக்கொண்டிருந்தது.

10

மறுநாள் விடியும் முன் வாசலின் ஒரு மூலை சுவரோடு கீழே போய்விட்டது. துணி துவைக்கிற கல்லும் கோழிக்கூடும் அதோடு போயின. கோழிகளை அக்கா ஏற்கெனவே கூடையில் போட்டு ஆறுமுகம் கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். கோழித்தீவனத்துக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்தார்களாம். மூட்டையைக் கொத்தி ஓட்டை போட்டுவிட்டன என்று ஆறுமுகம் இன்னும் புலம்புகிறார். வீடு நிற்கிறது. பேவர் பாதை பாதிக்கு மேல் நிற்கிறது. மீதி ஓரக்கல் ஒரு வரிசையாக அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. படம் அனுப்பினாள். அதை நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

தாலுகா ஆபீசிலிருந்து வந்து பார்த்தார்கள். அபாயப் பகுதி, மழை முடியும்வரை முகாமில் இருங்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டால், "முகாம்ல டீ நல்லால்ல," என்கிறாள். விழுந்த மூலைக்கு இப்போதைக்கு மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ராத்திரி மழை என்றால் ஆறுமுகம் வீட்டில் படுக்கிறாள். அந்த அளவுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவர் மனைவி, "அண்ணி, நீங்க இங்கயே இருந்துக்கங்க, இந்த மனுசனோட வாய அடக்கறதுக்கு ஆளு வேணும்," என்றாராம்.

மழை இன்னும் முடியவில்லை. கார்த்திகையிலும் இருக்கிறது. மல்லிகா காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் போனில் கோத்தகிரி மழையைப் பார்க்கிறாள். நான் வேலை செய்கிற இடங்களில் ஓரக்கல்லில் இடைவெளி விட்டால் ஏன் விட்டேன் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன். "வாட்டர் கோ. நோ க்ளோஸ்." அவர்கள் தலையாட்டுகிறார்கள். புரிந்ததா என்று மறுபடி கேட்கிறேன். டேவ் சிரிக்கிறார்.

அக்காவிடம் தினமும் பேசுகிறேன். முன்பெல்லாம் சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்போம். இப்போது முதலில் கேட்பது வேறு.

இன்றும் கேட்டேன்.

"கான் பேசுதாக்கா?"

"பேசுது, பேசுது. உன்னைய வுட நல்லாப் பேசுது. இந்தா கேளு."

போனை வெளியே நீட்டினாள். மழை அதிகம்தான். அதற்கு அடியில் கான் போகிற சத்தம் தெரிந்தது. சஞ்சனா மாடியிலிருந்து இறங்கி வந்து போனின் மறுபக்கம் காதை வைத்தாள். அவள் தலை என் தலையில் முட்டியது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சட்டென்று சத்தம் நின்றது.

"டவராத்தான் இருக்கும் அப்பா," என்றாள்.

டவர்தான். மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறோம்.